பலகையின் பின்பக்கம்

வாழப்பாடி தாண்டியதும் மரவள்ளி மாவின் புளித்த வாடை பேருந்துக்குள் வந்துவிட்டது. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிறவர்களுக்கு அது வழித்துணை மாதிரி. சேகோ ஆலைகளின் களங்களில் ஈர மாவைப் பரப்பியிருந்தார்கள். காலை வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். கெங்கவல்லி போகிறேன் என்றேன். "அங்க யாரு இருக்காங்க?" என்றார். யாரும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். "ஒரு பையன் சொன்ன ஊரும்மா. பாத்துட்டு வரலாம்னு போறேன்" என்றேன். அவர் என் பையை ஒருமுறை பார்த்துவிட்டு, மடியிலிருந்த கொய்யாவில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அந்தப் பையனை நான் பார்த்தது 2019 ஜனவரியில், கொச்சியின் மட்டாஞ்சேரியில். அப்போது கொச்சி முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சியின் நான்காவது பதிப்பு நடந்துகொண்டிருந்தது. கேரளம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த அதே 2018இன் டிசம்பர் 12 அன்று அது தொடங்கியது. அனிதா துபே பொறுப்பில் நடந்த முதன்மைக் காட்சி ஃபோர்ட் கொச்சியின் பெரிய கட்டடங்களில் இருந்தது. அதோடு சேர்ந்த மாணவர் பினாலே சற்றுத் தள்ளி, மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிடங்குகளில். மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த காலத்து மணம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. பெரிய காட்சியில் கூட்டம் நெரிந்தது; இங்கே ஆள் குறைவு. அதனால் ஒவ்வொரு படைப்புக்கு முன்னாலும் அவசரமில்லாமல் நிற்க முடிந்தது.

ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். பலகைத் துண்டுகளில் செய்த ஒரு படைப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு நிமிடம் கழித்துத்தான் அது அவனுடையது இல்லை என்று தெரிந்தது. "இது என் ஃபிரண்ட் செஞ்சதுங்க. அவன் ஊருக்குப் போக வேண்டியதாயிருச்சு. அதான் நான் சொல்றேன்." அவனுடைய சொந்தப் படைப்பு அடுத்த சுவரில் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்டபிறகே, அதுவும் பாதி வெட்கத்தோடு, பேசினான். எந்த ஊர் என்றேன். "கெங்கவல்லிங்க. ஆத்தூருக்குப் பக்கத்துல."

பேச்சினூடே ஒரு பலகை லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்து அதைக் கழற்றினான். அப்போது அதன் பின்பக்கம் தெரிந்தது. 'மேலே' என்று ஓர் அம்புக்குறி. 'ஆணி 2'. அதற்குக் கீழே வேறுவேறு கையெழுத்தில் நாலைந்து பெயர்கள். யார் இவர்கள் என்றேன். "தூக்கிட்டு வந்தவங்க" என்றான். ரயிலில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தவன், ஆணி அடித்தவள், விவரச் சீட்டை மலையாளத்தில் எழுதக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தவன். அவர்களில் ஒருவர் பெயரும் பலகையின் முன்பக்கத்தில் கிடையாது. அந்தப் பின்பக்கம் என்னை விடவில்லை. கொச்சியிலிருந்து திரும்பிப் பல மாதம் கழித்தும், கண்காட்சியில் பார்த்த எதையும்விட அந்தப் பென்சில் எழுத்துதான் நினைவில் இருந்தது.

மாணவர் பினாலே எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2012 டிசம்பர் 12 அன்று ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று முதல் கொச்சி பினாலேயைத் தொடங்கினார்கள். இரண்டாவது பதிப்பான 2014இல் மாணவர்களுக்கென்று தனிக் காட்சி சேர்ந்தது. பெரும்பாலும் அரசுக் கலைக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே அது அமைந்தது. தனியார் கல்லூரி மாணவருக்குக் காட்சிக்கூடம், பயிற்சிப் பட்டறை, வெளிநாட்டுத் தொடர்பு என்று ஏதாவது ஒரு வாசல் திறக்கும். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில் மண் பிசைகிறவனுக்கு ஆண்டுக் கடைசியில் கல்லூரி வராந்தாவில் ஒரு காட்சி, அதோடு சரி. அந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் ஒன்று செய்தார்கள். படைப்புகளை அஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டுக் கொச்சியில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. காட்சியை அமைக்கும் க்யூரேட்டர்களைக் கல்லூரிகளுக்கே அனுப்பினார்கள். 2014இல் 15 இளம் க்யூரேட்டர்கள் 37 அரசுக் கல்லூரிகளுக்குப் போனார்கள். மாணவர்களோடு பேசி, பட்டறை நடத்தி, எதை எப்படி வைக்கலாம் என்று சேர்ந்து யோசித்தபிறகே காட்சி உருவானது.

நான் பார்த்த 2018 பதிப்புக்கு ஆறு பேர் பொறுப்பு: சாந்திநிகேதன் கலாபவனத்தில் கற்பிக்கும் சஞ்சயன் கோஷ், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுக்லா சாவந்த், ஓவியர் கே.பி. ரெஜி, எம்.பி. நிஷாத், சுருதி ராமலிங்கையா, சென்னையைச் சேர்ந்த ஓவியர் சி.பி. கிருஷ்ணப்ரியா. அந்த முறை அண்டை நாடுகளின் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். செய்வதே சிந்திப்பது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கரு. கையால் செய்துகொண்டிருக்கும்போதே யோசனை பிறக்கிறது, யோசித்து முடித்துவிட்டுக் கையை வைப்பதில்லை என்ற பொருளில். எந்தத் தச்சுப் பட்டறையிலும் இதைச் சொன்னால், இதை வேறு சொல்லவேண்டுமா என்று கேட்பார்கள். கலைக் கல்லூரிகளில் இதைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னையின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பிராட்வே பகுதியில் தன் முயற்சியில் தொடங்கிய பள்ளி. இரண்டு ஆண்டில் அரசு அதை எடுத்துக்கொண்டது. நெடுநாள் அது தொழிற்கலைப் பள்ளியாகவே இருந்தது. மரமும் மண்ணும் உலோகமும் படித்தார்கள். 1930இல் தேவிபிரசாத் ராய் சவுத்ரி முதல்வரானபிறகு ஓவியமும் சிற்பமும் நுண்கலையாக முன்னுக்கு வந்தன. 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1966இல் அவரும் மாணவர்களும் கைவினைப் பொருள் விற்ற பணத்தைக் கொண்டு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். நவீன ஓவியம் பசியில்லாமல் நிற்கப் பத்திக் துணியும் தோல்வேலையும் சோறு போட்ட கதை அது. ஆனாலும் கல்லூரியின் பெயரில் 'கவின் கலை' வந்து உட்கார்ந்தபின், கைவினை என்பது ஒரு படி கீழே என்ற எண்ணம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது, சிற்பத்துக்கு மாமல்லபுரம். கெங்கவல்லிப் பையனுக்கு எந்தப் பக்கம் போனாலும் தொலைவு.

ஆத்தூரில் வண்டி மாறித் தெற்கே திரும்பினோம். மக்காச்சோளக் காடு, பருத்தி, பிறகு பாக்குத் தோப்புகள். தோப்பு வந்ததும் வெயில் சட்டென்று இறங்கியது. தெற்கே பச்சைமலை நீளமாகப் படுத்திருந்தது. மேற்கே கொல்லிமலை மங்கலாக. கெங்கவல்லியில் இறங்கி நடந்தால் சுவேத நதி. பெயருக்கு வெண்ணிற ஆறு என்று பொருள். நான் போனபோது தண்ணீர் இல்லை. மணல், சீமைக்கருவேல், நடுவே யாரோ நட்டுவைத்த கிரிக்கெட் குச்சிகள்.

நண்பரின் நண்பராக அறிமுகமான ஓவிய ஆசிரியர் ஒருவர் டீக்கடையில் காத்திருந்தார். வட்டாரத்தின் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர வேலை. 2012இல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் எடுத்தது. அந்தத் தலைமுறை ஆசிரியர் அவர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னைக்குப் போயிருக்கிறார்கள் என்று நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. டீ வருவதற்குள் செல்போனை எடுத்துப் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளியில் ஒரு காலி வகுப்பறை. குறுக்கும் நெடுக்குமாகத் துணி காயப்போடும் கயிறு, அதில் துணிக் கிளிப்பில் மாட்டிய ஓவியங்கள். 2022இல் அரசு பள்ளிகளுக்கான கலைத் திருவிழா தொடங்கியபிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். நல்ல விஷயம்தான், ஆனால் போட்டியில் பரிசு வாங்குகிறவர்கள் நாலு பேர். மீதிப் பிள்ளைகளின் ஓவியத்தை யார் பார்ப்பது என்று அவருக்கு ஒரு மனக்குறை. அதனால் இந்தக் காட்சி. எந்த ஓவியம் எங்கே தொங்கவேண்டும் என்று முடிவு செய்ய எட்டாம் வகுப்பிலிருந்து நாலு பேர். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: வகுப்பில் ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது.

"நான் கயித்த என் உயரத்துக்குக் கட்டிட்டேங்க. அந்தக் குழுவுல ஒரு பொண்ணு வந்து, 'சார், இறக்கிக் கட்டுங்க சார், ஆறாவது பிள்ளைங்க அண்ணாந்து பாக்கணுமா?'ன்னு கேட்டுச்சு. அவ்வளவையும் அவுத்துத் திரும்பக் கட்டுனோம்."

ஒரு கண்காட்சியை அமைக்கிறவர் செய்யவேண்டியதில் பாதியை அந்தப் பெண் அந்த ஒரு கேள்வியில் செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். க்யூரேட்டர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குப் பேணுதல், பார்த்துக்கொள்ளுதல் என்று பொருள். நம் அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்று எழுதியிருக்கிறது. பூட்டும் சாவியும் கையில் வைத்திருக்கிற ஓர் அதிகாரி கண்முன் வருகிறார். தொகுப்பாளர் என்றால் தொலைக்காட்சி நினைவு வருகிறது. எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. கயிற்றை யாருடைய கண்ணின் உயரத்துக்குக் கட்டுவது என்று யோசிப்பவரைக் குறிக்க ஒரு சொல் வேண்டும்.

கொச்சியில் பார்த்த பையனைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டேன். பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். இப்போது சென்னையில் ஒரு திரைப்படக் கலை இயக்குநரிடம் வேலை பார்க்கிறானாம். "அவன் தாத்தா தம்மம்பட்டிப் பட்டறையில இருந்தவருங்க" என்றார். மட்டாஞ்சேரியில் அவன் பலகையைக் கையாண்ட விதம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. விரல் நுனியால் பிடிக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினான்.

தம்மம்பட்டி கெங்கவல்லி வட்டத்திலேயே இருக்கிறது. செந்தாரப்பட்டி வழியாகப் பேருந்து போகிறது. பச்சைமலைக்கு அந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் இதே மரச்சிற்ப வேலை உண்டு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்கு இரண்டு பக்கமும் உளிச்சத்தம் என்று சொல்லலாம். தம்மம்பட்டியில் இறங்கி வழி கேட்கவே வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணைகளில் சாய்த்துவைத்த பாதி முடிந்த பிள்ளையார்களும் யாளிகளும் வழி காட்டிவிடும்.

நான் போன பட்டறை ஒரு வீட்டின் முன்கூடம். வாகைப் பலகை ஒன்று தரையில் கிடந்தது. வெளிப்பக்கம் வெளிறிய மஞ்சள், உள்ளே வைரம் காப்பித்தூள் நிறம். வாகையின் அழகே அந்த இரண்டு நிறம்தான் என்றார் பெரியவர். பலகையில் பென்சிலால் ஒரு கஜலட்சுமி. கோட்டுக்கு வெளியே இருந்த மரத்தை ஓர் இளைஞர் பெரிய உளியால் கொத்தித் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து உட்கார்ந்தவர் மாலை, அணிகலன், தாமரை இதழ். முகம் மட்டும் பெரியவருடைய வேலை. வாசல் நிழலில் வீட்டுப் பெண்கள் இருவர் முடிந்த சிலைகளுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலை யானையின் துதிக்கை வளைவுக்குள் விட்டு, சொரசொரப்பு எங்கே மிச்சம் என்று தடவித் தடவிப் பார்த்தார். கண் அந்தப் பக்கமே போகவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நின்ற இடத்தில் தாளை வைத்து நாலு தேய்ப்பு. மறுபடி தடவல். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் அரைமணி நேரம்.

"ஐயா, இதை யார் செஞ்சதுன்னு கேட்டா யார் பேரைச் சொல்வீங்க?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"பட்டறைப் பேரைச் சொல்லுவோம். ஒருத்தர் பேரை எப்படிங்க சொல்றது? அவரு கொத்தாம நான் மூஞ்சி வெக்க முடியுமா?"

பேச்சு தேருக்குப் போனது. மரச்சிற்பக்காரர்களிடம் எங்கே ஆரம்பித்தாலும் தேரில்தான் போய் நிற்கும். தேர் என்பது நூற்றுக்கணக்கான சிற்பப் பலகைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கோத்த ஒரு காட்சிக்கூடம்; வருடத்துக்கு ஒருமுறை தானே நகர்ந்து மக்களைப் பார்க்க வரும் காட்சிக்கூடம். எந்தத் திசையில் எந்தக் கடவுள், எந்தத் தட்டில் யாளி, எங்கே குதிரை, அச்சைத் தாங்கும் இடத்தில் எவ்வளவு கனம் என்று ஒருவர் மொத்தத்தையும் மனத்தில் வைத்திருக்கவேண்டும். தச்சரும் கொல்லரும் கயிறு திரிப்பவரும் சீலை கட்டுபவரும் முட்டுக்கட்டை போடுபவரும் சேராமல் அது ஓர் அடி நகராது. நம் காலத்தில் அந்தக் கூட்டத்தில் பொறியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம்.

"அடுக்குறவருக்கு என்னன்னு பேருங்க?" என்று கேட்டேன். எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது.

பெரியவர் கொஞ்சநேரம் யோசித்தார். "ஸ்தபதின்னு சொல்லலாம். ஆனா அவரும் உளி புடிக்கிறவருதான். தனியா ஒருத்தர் இல்லீங்க. வேலைக்கு மூத்தவரு பாத்துக்குவாரு."

பாத்துக்குவாரு. நான் தேடிவந்த சொல்லை அவர் வினையாகவே வைத்திருந்தார். பதவியாக மாற்ற அவருக்கு அவசியம் இருந்ததில்லை.

இங்கிருந்து தெற்கே உப்பிலியபுரம் வழியாகத் துறையூர் போகும் சாலையைப் பார்க்கும்போது எனக்கு ஓவியர் ஆதிமூலம் நினைவு வந்தது. 1938இல் துறையூருக்குப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவிய வரிசையால் நாடெங்கும் அறியப்பட்டார். சிறுபத்திரிகைக்காரர்கள் கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. அவர் கோடு இல்லாத கவிதைத் தொகுப்பைத் தேடவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அவருக்கு முன்னால் சிற்பி தனபால் என்ற ஆசிரியர் இருந்தார். கிராமத்திலிருந்து வந்த பையனின் கையைப் பார்த்துக் கல்லூரிக்குள் வழி காட்டியவர். ஆதிமூலத்தைத் தெரிந்த அளவுக்குத் தனபாலை இன்று பலருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று எனக்கு ஆசை.

மாணவர் கண்காட்சிகளைப் பற்றி எழுதும்போது படைத்த மாணவர் பெயரும், க்யூரேட்டர் பெயரும், புரவலர் பெயரும் வந்துவிடுகின்றன. மூன்றும் வரவேண்டியவைதான். கல்லூரிகளுக்குப் பேருந்திலும் ரயிலிலும் போய் இறங்கிய அந்த 15 பேரும், பிறகு வந்த ஆறு பேரும் செய்தது சின்ன வேலை இல்லை. தங்கள் சொந்தப் படைப்புக்கு ஒதுக்கவேண்டிய மாதங்களை யாரோ பெயர் தெரியாத மாணவருக்காகச் செலவழித்திருக்கிறார்கள். ஆனால் இரவில் பட்டறைக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி, விடுப்புக் கடிதத்தில் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்ட விரிவுரையாளர், தூங்காமல் பெட்டியைக் காத்த நண்பன் ஆகியோரும் அந்தக் காட்சியின் ஆட்கள்தான். அவர்கள் பெயரையும் சுவரில் எழுதலாம். இடம் இல்லாமல் இல்லை. திரைப்படத்தின் கடைசியில் தேநீர் கொடுத்தவர் பெயர்வரை ஓடவிடுகிறோமே.

கிளம்பும்போது பெரியவர் கஜலட்சுமிக்கு ஜோடியாகப் போகவேண்டிய, முடிந்துவிட்ட ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். ஏதோ ஒரு வீட்டின் நிலைவாசலுக்கு. முன்பக்கம் மெருகேறி, தொட்டால் கை வழுக்கியது. கொச்சியின் ஞாபகத்தில், பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். வினோதமான ஆசை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். இருந்தாலும் திருப்பினார். உள்ளங்கையை அடியில் கொடுத்துத்தான் திருப்பினார்.

பென்சிலில் 'வல 2' என்று இருந்தது. ஒரு மேல்நோக்கிய அம்பு. ஓரத்தில் சின்னக் கையெழுத்தில் ஏழாம் வாய்ப்பாடு, ஏழெட்டு ஐம்பத்தாறுவரை.

"பேத்திங்க" என்றார் பெரியவர். "பேப்பர் இல்லைன்னு இதுல போட்டு மனப்பாடம் பண்ணிட்டிருந்துச்சு. தேச்சு எடுத்துரலாம்னு பசங்க சொன்னாங்க. நான்தான் கெடக்கட்டும்னுட்டேன். செவத்துப் பக்கம்தான போகப்போகுது."

தெருவில் துறையூர் வண்டி ஹாரன் அடித்தது. உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்காகக் கைகாட்டினார்.